மழுங்கிய கத்திதான் கையை வெட்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டப்புறம் நமக்குக் கற்றுத் தந்தவை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் கல்வி, கோயில், தொழிற்சங்கம் என்று பெரிய விஷயங்களை எடுத்துக் கொண்டார்கள். நான் எடுத்துக் கொண்டது கத்தி தீட்டுவது. நீங்கள் சிரிக்கலாம். தொலைக்காட்சியில் செய்தியும் விளம்பரமும் சொல்கிற பெண்ணுக்குக் கத்தியோடு என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். பத்து நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள். முடிந்தவுடன் உங்கள் வீட்டுக் கத்தியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேமரன் மலையில் கத்தி இல்லாத சட்டைப்பை குறைவு. தேயிலை மட்டுமல்ல, அங்கே காய்கறித் தோட்டம் இருக்கிறது, செவ்வந்தியும் ரோஜாவும் பயிராகும் பூந்தோட்டம் இருக்கிறது. உரமூட்டையின் வாயைக் கிழிக்க, கயிற்றை அறுக்க, முட்டைக்கோசின் வெளி இலையைக் கழிக்க, பூத்தண்டைச் சரிவாக நறுக்க என்று ஒரு நாளைக்கு நூறு முறை மடக்குக் கத்தி வெளியே வரும். அந்தக் கத்திகளை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிரிஞ்சாங் சந்தையில் பார்த்தேன், ரிங்லெட்டில் பார்த்தேன். பத்தில் எட்டு மழுங்கல். "புதுசு வாங்கிக்கலாம் அக்கா, பத்து வெள்ளிதானே" என்றார் ஒரு தம்பி. நான் பேச வந்ததே அந்தப் பத்து வெள்ளியைப் பற்றித்தான்.

கூரான கத்தி ஆபத்து, மழுங்கிய கத்தி பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கூரான கத்தி வைத்த இடத்தில் இறங்கும். அழுத்த வேண்டாம், இழுத்தால் போதும். மழுங்கிய கத்தி வைத்த இடத்தில் நிற்காது. தக்காளித் தோலின் மேல் வழுக்கும், பிளாஸ்டிக் கயிற்றின் மேல் சறுக்கும். அது வெட்டாததால் நாம் மேலும் மேலும் பலம் கொடுக்கிறோம். திடீரென்று அது விடுபடும்போது அந்தப் பலம் முழுவதும் இடது கையின் கட்டைவிரலுக்கு வந்து சேர்கிறது. மடக்குக் கத்தியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பூட்டு இல்லாத கத்தியாக இருந்தால், அதிகமாக அழுத்தும்போது அலகு திரும்ப மடங்கி விரலைக் கவ்வும்.

சரி, இதற்கும் தேயிலைக்கும் என்ன தொடர்பு? இந்தக் கலையை நம்மவர்கள் தேயிலை மலையில்தான் உச்சத்துக்குக் கொண்டு போனார்கள் என்பது என் கருத்து.

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தை 1929-இல் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, செடி நட்டு வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உடலுழைப்புத் தொழிலாளர்களை இங்கே அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தும்வரை அங்கிருந்து புதிய ஆட்கள் வந்து கொண்டே இருந்தார்கள். தேயிலை என்றால் நம் மனத்தில் தோன்றும் படம், முதுகில் கூடையோடு கொழுந்து எடுக்கும் பெண். அந்தப் படம் நாட்காட்டிக்கு அழகு. ஆனால் அந்தச் செடி இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் இன்னொருவர். தேயிலையைத் தன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கவும், புதுக் கொழுந்து விடவும், பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கழித்து வெட்ட வேண்டும். அதுதான் கவாத்து.

கவாத்து வெட்டு ஒரே வீச்சில் விழ வேண்டும். வெட்டு வாய் சரிவாகவும் வழவழப்பாகவும் இருந்தால் மழைநீர் தேங்காது, காயம் சீக்கிரம் ஆறும். கத்தி மழுங்கி இருந்தால் கிளை நார் நாராகப் பிளக்கும், பட்டை உரியும். அந்தக் கிழிசலில் ஈரம் தங்கும், பூஞ்சணம் நுழையும், கிளை மேலிருந்து கீழாகக் காயத் தொடங்கும். பல பத்து ஆண்டுகள் கொழுந்து தர வேண்டிய செடி அது. ஆகவே கவாத்துக்காரரின் திறமையில் பாதி அவருடைய தோளில் இருந்தது, மீதிப் பாதி அவருடைய தீட்டுக்கல்லில் இருந்தது.

ஒரு படப்பிடிப்புக்காக அந்தப் பக்கம் போயிருந்தபோது, கவாத்து வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கத்தி தீட்டுவதைப் படம் எடுத்தோம். பல வருடம் தீட்டித் தீட்டி அவருடைய கத்தியின் அகலம் பாதியாகக் குறைந்திருந்தது. கல்லில் தண்ணீர் தெளித்தார், உட்கார்ந்தார், தீட்டினார். பேசவே இல்லை. "எவ்வளவு சாய்க்கணும் தாத்தா?" என்று கேட்டேன். "கல்லு மேல வெச்சா கத்தியே சொல்லும்மா" என்றார். எனக்கு அந்தப் பதில் அப்போது திருப்தியாக இல்லை. பிறகு படத்தொகுப்பு அறையில் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வேடிக்கையாக ஒரு பாகைமானியைத் திரை மேல் வைத்துப் பார்த்தோம். முப்பது நாற்பது இழுப்பிலும் கத்தியின் சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறவே இல்லை. நேரமின்மையால் அந்தக் காட்சி நிகழ்ச்சியில் சில வினாடிகளே வந்தது.

'கத்தியே சொல்லும்' என்பதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கத்தியின் விளிம்பு இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. அவ்வளவுதான். அந்தச் சரிவு கல்லில் முழுமையாகப் படிந்தால் கைக்கு ஓர் உணர்வு, காதுக்கு ஒரு சத்தம். சற்றுத் தூக்கினால் சத்தம் மாறும், சற்றுத் தாழ்த்தினால் வழுக்கும். அந்தத் தாத்தாவுக்கு அதைக் கேட்கும் காது இருந்தது. நமக்கு இல்லை. நம் கை ஒவ்வோர் இழுப்பிலும் ஒவ்வொரு சாய்வில் போகிறது. அதனால் விளிம்பு கூராவதற்குப் பதிலாக உருண்டு போகிறது. ஒரு மணி நேரம் தீட்டியும் கூர் வரவில்லை என்பவர்களின் நோய் இதுதான்.

இப்போது கடைகளிலும் இணையச் சந்தையிலும் வீட்டுத் தீட்டுச் சாதனம் கிடைக்கிறது. ஒரு கவ்வி கத்தியின் முதுகைப் பிடித்துக் கொள்ளும். ஒரு கம்பியின் முனையில் கல் இருக்கும். அந்தக் கம்பியை ஓட்டை ஒன்றில் நுழைத்து இழுத்தால், கல் எப்போதும் ஒரே சாய்வில்தான் போகும். லான்ஸ்கி என்ற அமெரிக்கச் சாதனத்தில் 17, 20, 25, 30 பாகை என்று நான்கு ஓட்டைகள். இன்னொரு வகை, ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ஷார்ப்மேக்கர் போன்றது. இரண்டு பீங்கான் குச்சிகள் தலைகீழ் 'வ'னா போல விரிந்து நிற்காமல், ஆங்கில 'வி' எழுத்துப் போல மேல்நோக்கி விரிந்து நிற்கும். கத்தியை நேராகப் பிடித்து, ரொட்டி நறுக்குவது போலக் கீழே இழுத்தால் போதும். பக்கத்துக்கு 15 அல்லது 20 பாகை தானாகக் கிடைத்துவிடும்.

விலை நூற்றுச் சொச்சம் வெள்ளியிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகிறது. எத்தனை விலை கொடுத்தாலும் இந்தச் சாதனம் செய்வது ஒரே ஒரு வேலை. தாத்தாவின் மணிக்கட்டு செய்த வேலை. சாய்வை மாறாமல் காப்பது. மற்ற எல்லாம் இன்னமும் நம் கையில்தான்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். முதலில் கத்தி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பை மேலே வைத்து விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒளி பட்டுத் திரும்ப அங்கே இடமே இல்லை. எங்கே வெள்ளிக்கோடு மின்னுகிறதோ அங்கே மழுங்கல்.

அடுத்து, எத்தனை பாகை? சட்டைப்பைக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 பாகை சரியான நடுவழி. கயிறும் மரமும் அதிகம் வெட்டுகிறவர் 25-க்குப் போகலாம். பாராங்குக்கு அதைவிடத் தடித்த விளிம்பு வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் பல் பல்லாக உடையும். சாதனம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அலகு 2 சென்டிமீட்டர் அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் அதுதான் 20 பாகை.

கத்தியில் ஏற்கனவே உள்ள சரிவு எத்தனை பாகை என்று தெரியாதே என்பீர்கள். ஒரு மார்க்கர் பேனாவால் விளிம்பை ஒட்டிய சரிவில் மை பூசுங்கள். கல்லை இரண்டு முறை இழுத்துவிட்டுப் பாருங்கள். மை மேற்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் உங்கள் கோணம் குறைவு. விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் அதிகம். சரிவு முழுவதும் அழிந்தால் பொருந்திவிட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில் அச்சடித்த எண்ணைவிட இந்த மையை நம்புங்கள். அலகின் அகலத்தையும் கவ்வி பிடித்த இடத்தையும் பொறுத்து உண்மையான கோணம் கொஞ்சம் மாறும்.

இப்போது கரடுமுரடான கல்லால் ஒரு பக்கம் மட்டும் தீட்டுங்கள். எத்தனை முறை? எண்ணாதீர்கள். பத்து முறை இந்தப் பக்கம், பத்து முறை அந்தப் பக்கம் என்று சாதனத்தோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். அதில்தான் பலரும் தோற்கிறார்கள். பிசிறு எழும்பும்வரை தீட்ட வேண்டும். ஒரு பக்கம் தேயத் தேய, மறு பக்கம் மயிரிழை போல ஓர் உலோகப் பிசிறு மடியும். விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக வெளியே வழித்தால் நகத்தில் சிக்கும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அடியிலிருந்து நுனிவரை பிசிறு தட்டுப்பட்டால், அந்தப் பக்கத்துச் சரிவு விளிம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். பிறகு கத்தியைத் திருப்பி மறு பக்கமும் அப்படியே. நுனிப்பகுதியும் பிடிக்கு அருகில் உள்ள பகுதியும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

பிசிறு எழும்பிய பின்பு நடுத்தரக் கல், அதன்பின் மெல்லிய கல். கல் மெல்லியதாக ஆக ஆக, கையின் அழுத்தமும் குறைய வேண்டும். கடைசியில் கல்லின் எடை மட்டும் போதும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறைச் சிறிதாக்குங்கள். மீதி இருப்பதைத் தோல் வாரில் பின்பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும், பழைய முடிதிருத்தும் கடையில் சவரக் கத்தியைத் தீட்டியது போல. தோல் இல்லையா? நாளிதழை மடித்துத் தட்டையான பலகையில் வைத்து, அதன் மேல் இழுங்கள். இந்த உரை வார இறுதிப் பக்கத்தில் வரும் என்கிறார்கள். படித்து முடித்த பிறகு அந்தத் தாளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டேன்.

அதே நாளிதழின் ஓரத்தை ஒற்றைக் கையில் பிடித்து அறுத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் இறங்கினால் முடிந்தது. எங்கேயாவது சிக்கிக் கிழிந்தால், அந்த இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது.

செய்யக் கூடாதவையும் உண்டு. சமையலறைப் பொருள் கடைகளில், இரண்டு உலோகத் தகடுகள் குறுக்காக வைத்த ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். நடுவில் கத்தியைச் செருகி இழுத்தால் 'கரக்' என்று சத்தம் வரும், உடனே கொஞ்சம் வெட்டும். அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. விளிம்பு அரம் போலக் கிழிந்து, இரண்டு நாளில் பழைய நிலைக்கு வரும். கத்தியோ ஒவ்வொரு முறையும் தேய்ந்து கொண்டே போகும். மின் சாணையிலும் எச்சரிக்கை வேண்டும். பொறி பறக்கப் பறக்கப் பிடித்தால் விளிம்பு சூடேறும். சாதாரண எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸை எட்டினால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது. அங்கே எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தெருவில் சாணை பிடிக்க வருபவர்களில் கைதேர்ந்தவர் அடிக்கடி தண்ணீரில் தோய்த்து எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் அதுதான்.

சாதனம் வாங்க வசதியில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். நம் முன்னோர் தீட்டுமரம் வைத்திருந்தார்கள். ஒரு பலகையில் கல்பொடியைத் தூவி அதில் அரிவாளைத் தீட்டினார்கள். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பதா?' என்று நன்றி கெட்டவனைத் திட்டுகிறோமே, அந்த மரம்தான் இது. பழமொழி இருக்கிறது, மரத்தை மறந்துவிட்டோம். மலாய்க்காரர்களும் 'பாராங்கின் முதுகைக்கூடத் தீட்டினால் கூராகும்' என்பார்கள். லயன் வீடுகளில் துணி துவைக்கும் கல், படிக்கட்டின் சிமெண்டு விளிம்பு எல்லாம் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் கத்தி தின்ற பள்ளம். பிறகு கார்போரண்டம் கல் வந்தது. அமெரிக்கர் எட்வர்ட் அச்சசன் 1891-இல் மின் உலையில் களிமண்ணையும் கரியையும் காய்ச்சும் முயற்சியில் கண்ட பொருள் அது. தமிழ்நாட்டில் முருகப்பா குழுமம் 1954-இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. ஒரு பக்கம் கரடு, மறு பக்கம் மெல்லியது என்று இருக்கும் அந்த வகைக் கல்லை எந்த இரும்புக்கடையிலும் வாங்கலாம். கடைக்காரரிடம் 'பத்து அசா' என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்.

அதுவும் இல்லையா, தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்புப் பூசாத ஒரு வளையம் சொரசொரப்பாக இருக்கும். அது நல்ல மெல்லிய தீட்டுக்கல். தேயிலை மலைக்காரர்கள் வீட்டில் கோப்பைக்கா பஞ்சம்?

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். மூடுபனியும் மழையும் ஓய்வதில்லை. எளிதில் கூர் ஏறும் பழைய கார்பன் எஃகுக் கத்தி அங்கே ஒரே இரவில் செம்புள்ளி காணும். தீட்டி முடித்ததும் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். மடக்கும் மூட்டிலும் ஒரு சொட்டு. ஜப்பானில் வாளுக்கும் கத்திக்கும் துருப்பிடிக்காமல் தடவும் எண்ணெய் எதிலிருந்து வருகிறது தெரியுமா? கமேலியா விதையிலிருந்து. தேயிலையும் கமேலியா இனம்தான். கவாத்துக் கத்திக்கு எண்ணெய் கொடுப்பது தேயிலையின் பங்காளிச் செடி என்பதை நினைத்தால் எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இது நம் தமிழில் எழுதி வைக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஓரளவு சமமான சரிவுகளில் இருவர் பிடிக்கும் இயந்திரம் கொழுந்தை அறுக்கிறது, செங்குத்தான இடங்களில் கத்தரி. நம் பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். வந்ததில் எனக்கு வருத்தமில்லை, வந்திருக்கவே வேண்டும். ஆனால் அந்த வேலையை விட்டு வந்தபோது அதிலிருந்த அறிவையும் 'தோட்டத்து வேலை' என்று சேர்த்து விட்டுவிட்டோம். அதே அறிவை வெளிநாட்டுக்காரர் பெட்டியில் போட்டு, எண் அச்சடித்து விற்றால் நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்து வாங்குகிறோம். வாங்குங்கள், தவறில்லை. நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியை எடுத்துக் கொண்டு உங்கள் தாத்தாவின் பக்கத்தில் போய் உட்காருங்கள். பாட்டியையும் விடாதீர்கள், வீட்டில் அரிவாள்மணையைத் தீட்டியது பெரும்பாலும் அவர்தான். நீங்கள் கவ்வியை முடுக்குங்கள், அவர் கல்லில் தீட்டட்டும். யாருடைய கத்தி நாளிதழை நன்றாக அறுக்கிறது என்று பாருங்கள். கைபேசியில் படம் பிடியுங்கள், முகத்தை அல்ல, மணிக்கட்டை. எண்பது வயதைத் தொட்டவர்கள் அவர்கள். அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடும் காரியமில்லை இது.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. தீட்டிய கத்தி தோட்டத்தில் கருவி, பட்டணத்தில் ஆயுதம். நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டம் இருக்கிறது. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது அதன்படி கடுமையான குற்றம். சாலைச் சோதனையில் நிறுத்தும்போது 'மறந்துவிட்டேன் டத்தோ' என்றால் எடுபடாது. ஆகவே வேலை முடிந்து தாப்பா பக்கம் இறங்குகிறவர்கள், பேருந்தில் ஏறும் முன்பு சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, கத்தியை வீட்டு அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.